தன்கதையில் ஊர்க்கதை: தமிழ்த் தன்வரலாறுகளில் படிக்க வேண்டியவை

தமிழில் தன்வரலாறு எழுதி நிலைத்தவர்களில் பலர் தம்மைப் பற்றிக் குறைவாகவே பேசியவர்கள். ஆசிரியர், தோழர், எதிரி, சிறைக்காவலர், பாட்டி என்று சுற்றியிருந்தவர்களையே பக்கம் பக்கமாக எழுதினார்கள். பள்ளிக்கூடம் எப்படி நடந்தது, புலவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா, நாடகக் கொட்டகையில் பையன்கள் எங்கே படுத்தார்கள் என்பவற்றுக்கு வேறு ஆவணம் கிடைப்பது அரிது. கல்வெட்டும் அரசுக் கோப்பும் சொல்லாததை இந்த நூல்கள் சொல்கின்றன. தமிழ்ச் சமூகத்தின் கடந்த முந்நூறு ஆண்டுகளை அறிய விரும்புகிறவர் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

இந்த வகையின் முன்னோடியாக ஒரு நாட்குறிப்பைச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை, 1736-இல் தொடங்கி 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை அன்றாடம் நடந்ததை எழுதிவந்தார். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது ஆகியவற்றோடு கப்பல் வரவும் சரக்கு விலையும் ஊர் வம்பும் அதில் உண்டு. தெலுங்கு, பாரசீகம், போர்ச்சுகீசியம், பிரெஞ்சுச் சொற்கள் கலந்து புழங்கிய துறைமுகப் பேச்சே அதன் நடை. 18-ஆம் நூற்றாண்டில் வணிகர் வீட்டுத் தமிழ் எப்படி ஒலித்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று கிடையாது. முழுவதையும் படிக்கப் பொறுமை வேண்டும். சென்னை பிடிபட்ட ஆண்டுக் குறிப்புகளை மட்டும் படித்தாலும் போதிய பயன் கிடைக்கும்.

ஒரே ஒரு தன்வரலாற்றைத்தான் படிக்க முடியும் என்றால் அது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. தொடங்கியபோது ஐயருக்கு வயது 85-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்ததால் 122 அத்தியாயங்களோடு நின்றுபோய், 1950-இல் நூலாயிற்று. ஆகவே அவருடைய வாழ்க்கையின் கடைசி நாற்பது ஆண்டுகளும் எட்டுத்தொகைப் பதிப்பு வேலைகளின் பெரும்பகுதியும் இதில் இடம்பெறவில்லை. அது இழப்புத்தான். ஆனாலும் எழுதப்பட்ட பகுதிக்கு ஈடில்லை.

நூலின் முதற்பகுதி ஓர் ஏழைக் குடும்பத்தின் இடப்பெயர்ச்சி. தந்தை வேங்கடசுப்பையர் சங்கீதம் பாடி, இராமாயணப் பிரசங்கம் செய்து பிழைத்தவர். எந்த ஊர் தானியம் கொடுத்து ஆதரித்ததோ அந்த ஊரில் சில மாதம் வாசம். ஆதரவு வற்றினால் அடுத்த ஊர். உத்தமதானபுரம், அரியலூர், குன்னம் என்று பையன் ஊர் மாறும்போதெல்லாம் அவனுடைய தமிழாசிரியரும் மாறுகிறார். கலையைக் கொண்டு குடும்பம் பிழைத்த அந்தப் பொருளாதாரத்தை விளக்கிய நூல்கள் பல உண்டு. எந்த வீட்டில் எத்தனை கலம் நெல் வந்தது என்ற கவலை வரைக்கும் இறங்கிக் காட்டியது இதுதான்.

நடுப்பகுதி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றியது. 1871-இல் மாயூரத்தில் அவரிடம் மாணவனாகச் சேர்ந்து, 1876-இல் அவர் இறக்கும்வரை உடனிருந்த இளைஞனின் கண்ணில் பட்டதெல்லாம் இங்கே உண்டு. அவர் தலபுராணச் செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் ஏட்டில் எழுதுவார்கள். அத்தனை பெரிய புலவர் கடனிலிருந்து மீளவே இல்லை. வேங்கடராமன் என்ற பெயரோடு வந்த மாணவனுக்குச் சாமிநாதன் என்ற பெயர் நிலைத்ததும் அவரால்தான். குருகுலக் கல்வியைப் புகழ்கிறவர்களும் பழிக்கிறவர்களும் இந்தப் பகுதியைப் படிக்காமல் பேசுவது நியாயம் ஆகாது.

பிறகு வருகிறது 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் நடந்த சந்திப்பு. முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், ஐயர் படித்த நூல்களை விசாரிக்கிறார். ஐயர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. பத்தாண்டுக்கும் மேலாகத் தமிழ் கற்ற ஒருவருக்குப் பழைய காப்பியங்களோடு பழக்கமே இல்லாமலிருந்தது. 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வியின் நிலை அந்தச் சில பக்கங்களில் வெளிச்சமாகிறது. ஐயர் கும்பகோணத்துச் சைனரிடம் போய் ஐயம் கேட்டுப் படித்து, 1887-இல் சிந்தாமணியை அச்சிட்டார். சுவடி தேடி அலைந்த அத்தியாயங்களில் கரிவலம்வந்தநல்லூர்ப் பகுதி எவரையும் கலங்க வைக்கும். அந்தக் கோயிலில் இருந்த ஏடுகளைச் சாஸ்திர முறை என்று சொல்லி நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டிருந்தார்கள். தன் அறியாமையையும் சமூகத்தின் அலட்சியத்தையும் ஒரே நிதானத்தில் எழுத ஐயரால் முடிந்தது. அதுவே இந்த நூலின் பெருமை.

விடுதலைப் போராட்டக் காலத்தில் தன்கதை செய்யுளாகவும் வந்தது. பாரதியின் ‘கனவு’ 1910-இல் வெளியானது. அதில் கதையைவிட உணர்ச்சியே மிகுதி. வ.உ. சிதம்பரம் பிள்ளை அகவலில் எழுதிய சுயசரிதை அதற்கு நேர்மாறானது. தூத்துக்குடிக் கப்பல் முயற்சி, 1908-இல் தண்டனை, கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகள், செக்கு, கூழ், அதிகாரிகளோடு நடந்த வாக்குவாதம் எல்லாம் வழக்கறிஞரின் துல்லியத்தோடு வரிசையாக வருகின்றன. கவிதை நயம் தேடுகிறவருக்கு ஏமாற்றம் மிஞ்சலாம். சிறைக்குள் ஓர் அரசியல் கைதியின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று அறிய விரும்புகிறவர் இதைத் தவறவிடக் கூடாது. 1936-இல் மறைந்த வ.உ.சி.யின் இந்த நூல் 1946-இல்தான் வெளிவந்தது.

திரு.வி. கலியாணசுந்தரனாரின் ‘வாழ்க்கைக் குறிப்புக்கள்’ (1944) பெரிய நூல். நடுநடுவே சமயம், தத்துவம் என்று நீளும் பகுதிகளைத் தாண்டிப் போகலாம். யாழ்ப்பாணம் கதிரைவேற் பிள்ளையிடம் பாடம் கேட்ட இளமையும், 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதையும், பின்னி ஆலைத் தொழிலாளரின் போராட்டங்களும் தாண்டக் கூடாத பகுதிகள். அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1939-இல், இரட்டைமலை சீனிவாசன் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறு நூலை வெளியிட்டார். 1893-இல் ‘பறையன்’ என்றே பெயரிட்டு இதழ் நடத்தி, பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாடு வரை போன ஒருவருடைய வாழ்க்கை இவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்டிருப்பது ஏக்கத்தைத் தருகிறது. ஆனால் ஒரு மணி நேரத்தில் படித்து முடிக்கும் அந்தப் பக்கங்களைத் தவிர்த்துவிட்டுத் தமிழகத்தின் அரசியல் வரலாற்றைப் பேச இயலாது.

நாடகத் துறையில் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ படித்த நகரத்தாரின் சபைகளைக் காட்டும். கம்பெனி நாடகத்தின் உள்வீட்டைக் காட்டுவது அவ்வை தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ (1972). 1918-இல், ஆறு வயதில், அண்ணன்மாரோடு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபாவில் சேர்ந்தவர் அவர். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளின் பாடம், பசி, அடி, ஊர்விட்டு ஊர் போகும் பயணம், வசூல் விழாத இரவுகள் எல்லாவற்றையும் குறையாகச் சொல்லாமலும், பெருமையடித்துக்கொள்ளாமலும் எழுதியிருக்கிறார். சுவாமிகள் முழு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்த செய்தியும் இதில்தான் உயிரோடு நிற்கிறது. பிற்காலத் தமிழ் சினிமாவின் நடிப்பும் பேச்சும் எங்கே உருவாயின என்று தேடுகிறவருக்கு இது மூலநூல்.

கண்ணதாசனின் ‘வனவாசம்’ தன்னையே ‘அவன்’ என்று படர்க்கையில் வைத்துப் பேசும் நூல். திராவிட இயக்கத்தின் மேடையையும் அறையையும் அருகிருந்து பார்த்த ஒருவரின் கசப்பு அதில் உண்டு. விறுவிறுப்பானது, ஒரு தரப்பின் வாக்குமூலம் என்ற நினைவோடு படிக்க வேண்டியது.

இந்த வகையின் போக்கை மாற்றியது 1992-இல் வந்த பாமாவின் ‘கருக்கு’. அதுவரை பெயர் பெற்றவர்கள் முதுமையில் எழுதுவதே வழக்கம். பாமா துறவு மடத்தை விட்டு வெளியேறி, வேலையும் பிடிமானமும் இல்லாத நிலையில் எழுதினார். வரிசைக்கிரமம் கிடையாது, வயற்காடு, தேவாலயம், விளையாட்டு, போலீஸ் அடி என்று நினைவு போகும் வழியே நூலும் போகிறது. தெருவில் பேசும் தமிழே நடை. ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிறுமி சிரிக்கிறாள். அதன் காரணத்தை அண்ணன் விளக்கியதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. தீண்டாமை பற்றிய நூறு கட்டுரைகள் செய்யாததை அந்த ஒரு காட்சி செய்கிறது. ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியம் ‘நாங்க’ என்று விரிவதும் இந்த நூலின் பேறு.

அதன் பின் ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) நாவல் வடிவிலும், கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ (2005) நேரடிக் கதையாகவும் வந்தன. இளையான்குடியில் இசுலாமியரிடையே உணராத சாதியைப் பக்கத்துக் கிராமத்தில் உணர்ந்ததாகக் குணசேகரன் எழுதும் இடங்கள் கூர்ந்து படிக்கத் தக்கவை. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ (2007) திருநங்கை ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதியது. அது கன்னடத்தில் திரைப்படமாகித் தேசிய விருதும் பெற்றது.

பெண்கள் எழுதிய தன்வரலாறுகள் இன்னும் குறைவு. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியும் தம் வாழ்க்கையை ஆங்கிலத்தில்தான் எழுதினார். அந்தக் குறையின் நடுவே ஈழத்திலிருந்து வந்தது தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர், போரையும் தோல்வியையும் சிறையையும் தம் இயக்கத்தின் தவறுகளையும் அதில் எழுதினார். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் கடுமையாக வாதிட்ட அந்த நூல் 2016-இல் வெளியானது. தமிழினி 2015 அக்டோபரில் புற்றுநோயால் மறைந்திருந்தார்.