கடற்றுறையும் கடவுட் கொள்கையும்

அச்சமே சமயத்தின் தாய் என்பது மேனாட்டு மானிடவியலார் பலர் கொண்ட துணிபு. அவருள் ஒருவராகிய பிறேசர், 1890இல் வெளியிடத் தொடங்கிய ‘பொற்கிளை’ என்னும் பெருநூலில், மாந்திரிகம், சமயம், விஞ்ஞானம் என மூன்று படிகளை அமைத்தார். இயற்கையை மந்திரத்தால் அடக்க முயன்று தோற்றவன் கடவுளை வேண்டினான். பின்னர் அதனையும் விடுத்து அறிவியலை நாடினான் என்பது அவர் கொள்கையின் சாரம். ஏறியவன் கீழ்ப்படியை உண்மையில் விட்டு நீங்கினானா என்பதே ஈண்டு வினா. அதற்கு விடைகாணத் தூரதேசத்துப் பழங்குடிகளை நாடவேண்டுவதில்லை. வல்வெட்டித்துறைக் கடற்கரையே போதியது.

முதலில் நெய்தல் நிலத்தின் பழைய வழிபாட்டை நோக்குவோம். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதன்கண் உறையும் தெய்வத்தை வணங்கினர் என்று பட்டினப்பாலை கூறும். வலையைக் கிழிப்பதும் ஆளைக் கொல்வதும் சுறா. வணங்கப்படுவதும் அதன் கொம்பே. முழுமதி நாளில் அவர் கடலுக்குச் செல்லாது, மலர் சூடி, உண்டு களித்தனர். நிலவு நாளில் மீன்பாடு குன்றும் என்பது இன்றைய கடற்றொழிலாளரும் அறிந்ததே. ஆகவே அவ்வோய்வு வெறும் மூடநம்பிக்கையன்று. தொழிலறிவு அங்கே விரதமாயிற்று. அவ்வழிபாட்டிற்குக் கோயிலுமில்லை, குருக்களுமில்லை, நூலுமில்லை.

அப்பட்டினத்திலேயே அரசு தலையிட்டபோது நிலைமை மாறிற்று. சித்திரைப் பறுவத்தை ஒட்டிய இந்திரவிழா முரசறைந்து அறிவிக்கப்பட்டது. இருபத்தெட்டு நாள் நடைபெற்றது. சோழமன்னன் அவ்விழாவை மறந்தமையாற் புகாரைக் கடல் கொண்டது என்பது மணிமேகலை தரும் கதை. மீனவன் தன் வள்ளத்துக்காக அஞ்சிய அச்சம், ஊர் முழுவதற்குமான அச்சமாகி, அரசனையும் கட்டுப்படுத்தும் கடமையாக வளர்ந்தமை இங்கே புலனாகும். நிறுவனமுற்ற சமயம் கருக்கொள்ளும் இடம் இதுவே எனலாம்.

வல்வெட்டித்துறையில், முத்துமாரியம்மன் பெருவிழா சித்திரைப் பறுவத்தன்று ஊறணிக் கடலில் தீர்த்தமாடலோடு நிறைவெய்துகின்றது. அன்றே இந்திரவிழாவும் கொண்டாடப்படுகின்றது. பெயர் இந்திரனது, தீர்த்தம் அம்பாளது! புகாரினின்று இத்துறைவரை நேர்மரபு சாதிப்பது ஆராய்ச்சியாகாது. எனினும் ஒப்புமை கருதத்தக்கது. தெய்வம் மாறலாம்; கடலையும் பறுவத்தையும் நம்பி வாழ்வோர் அந்நாளைக் கைவிடார். இவர் ஏதுமறியாத கரையோரத்தாருமல்லர். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்த ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலைக் கட்டியது இவ்வூரே.

பிறேசர் கொள்கைக்கு அம்மன் வழிபாடு மேலும் ஒரு தடை. மாரி என்பது மழை. முத்து என்பது அம்மைக் கொப்புளம். வேப்பிலை கட்டுதலும், மஞ்சள்நீர் தெளித்தலும், நோயாளியைத் தனித்திருத்தலும் ஒருகாலத்து உயிர்காக்கும் முறைகளெனக் கருதப்பட்டன. 1980இல் பெரியம்மை உலகினின்று அறவே ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது. விஞ்ஞானம் வென்றது, கோயிற்கதவு அடைபடவில்லை. அச்சம் போனபின்னும் நிலைப்பதற்கு அச்சமே காரணம் என்பது எவ்வாறு பொருந்தும்?

இனி ஆகமப் பக்கம். ஆறுமுக நாவலர் (1822–1879) உயிர்ப்பலியையும் கண்ணகி வழிபாட்டையும் கண்டித்துச் சைவத்தை நூல்நெறிக்குக் கொணர முயன்றார். பலி குறைந்தமை பெரும்பேறு. ஆயின் கண்ணகி கோயில்கள் சில வேறு அம்மன் பெயர் பூண்டபோது, ஒரு மக்கள் மரபின் நினைவும் உடன் மறைந்தது. இவ்விழப்பை நாவலர் வழியினர் பெரிதும் பேசுவதில்லை. வல்வெட்டித்துறையிற் கப்பல் வணிகராகிய வெங்கடாசலம்பிள்ளை வைத்தீசுவரருக்குச் சிவன்கோயில் எடுத்ததும் அந்நூற்றாண்டிலேயே. கடலில் ஈட்டிய பொருள் கருங்கல்லாயிற்று.

ஆயினும் ஆகமம் எங்கும் பரவிற்று என்பதற்கில்லை. அயலிலுள்ள தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் இன்றும் பிராமணரல்லாத பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு, மந்திரமின்றிப் பூசை செய்கின்றனர். ஆலிலையில் அமுது படைக்கின்றனர். சிவன்கோயிலிற் சிவாசாரியார் மந்திரங் கேட்டு வணங்கியவரே இங்கும் வருகின்றனர். மந்திரம் எங்கே என்று அவர் உசாவுவதில்லை. திருநீறு பெற்றுச் செல்கின்றனர்.