ஒன்பது தலை நாகமும் பாழ்பட்ட நிலமும்: தொன்மத் தழுவலுக்கு ஓர் அளவுகோல்

பல தலை நாகம் கணினி விளையாட்டுகளுக்கு உகந்த பகை உரு. தலைக்கொரு தாக்குதல் என ஆட்டத்தைப் படிநிலைகளாகப் பகுக்க அது இடந்தருகிறது. எனினும், இத்தகைய தழுவல்களை உருவ ஒற்றுமை கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. மூலத் தொன்மத்தின் கவலை எது என்பதே முதல் வினாவாக அமைதல் வேண்டும்.

சீனப் பழம்நூலான ஷான்ஹாய்ஜிங் கூறும் சியாங்லியு, ஒன்பது மனிதத் தலைகள் கொண்ட பாம்பு. அது தீண்டிய இடமெல்லாம் சதுப்பாகிறது. வெள்ளத்தை அடக்கிய யூ அதனைக் கொல்கிறான். கதை அத்துடன் முடிவதில்லை. அதன் குருதி படிந்த மண்ணில் ஐவகைத் தானியமும் விளையவில்லை. யூ மும்முறை தோண்டி நிரப்புகிறான்; மும்முறையும் நிலம் அமிழ்கிறது. இறுதியில் அங்கு மேடை எழுப்பப்படுகிறது. கொலையினும் மண்ணை மீட்கும் பாடே இங்கு விரிவாகச் சொல்லப்படுகிறது. பாகவதத்தின் பத்தாம் கந்தத்திலும் காளியன் கொல்லப்படாமல் வெளியேற்றப்படுகிறான். யமுனை நஞ்சு நீங்குவதே அதன் பயன்.

இவ்வளவுகோலின்படி, 2005இல் வெளிவந்த 'காட் ஆஃப் வார்' குறைபடுகிறது. அதில் கிரேக்கத் தொன்மத்தின் ஹைட்ரா வீழ்ந்ததும் கதை நகர்ந்துவிடுகிறது. கடல் வெறும் பின்னணி. 2006இல் வெளிவந்த 'ஒகாமி' மேம்பட்டது. ஜப்பானியத் தொன்மத்தின் எண்தலை ஒரோச்சியின் சாபத்தால் வாடிய நிலத்தைத் தூரிகையால் மீண்டும் பூக்கச் செய்வதே அதில் ஆடுபவரின் முதன்மைப் பணி. ஆயினும், அங்கு நிலம் நொடியில் மலர்ந்துவிடுகிறது. யூவின் மும்முறைத் தோல்விக்கு அதில் இடமில்லை.

அத்தோல்வியின் பொருள் தாமிரபரணிக் கரையினருக்குப் புதிதன்று. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் ஏரலைச் சூழ்ந்த வெள்ளம் வடிந்தது. வீட்டில் புகுந்த சேறும் வயலை மூடிய மணலும் எஞ்சின. வெள்ளம் வடிதல் ஒரு நிகழ்வு. நிலம் மீளுதல் நீண்ட உழைப்பு. சியாங்லியு கதை இவ்வேறுபாட்டை அறிந்திருக்கிறது.

எனவே, நம் நாகத் தொன்மங்களை விளையாட்டாக்கும் முயற்சிகளை ஆராய்வோர் தலைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடலாகாது. நாகம் நீங்கிய பின் நீருக்கும் மண்ணுக்கும் நேர்வது என்ன, அவற்றை மீட்கும் உழைப்பு ஆட்டத்தின் விதியாகியுள்ளதா என்பனவே தழுவலின் தரத்தைக் காட்டும்.