ஹின்ட் வேண்டாம்

லீவுக்கு வந்திருந்த பேத்தி செல்போனில் சுடோகு போட்டுக்கொண்டிருந்தாள். 'எக்ஸ்பர்ட்' லெவலாம். என் காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டாள். அசந்துபோய், பக்கத்தில் உட்கார்ந்து அடுத்ததைக் கவனித்தேன். நாலு கட்டம் நிரப்பினாள். மாட்டிக்கொண்டாள். உடனே மூலையில் இருந்த பல்பு படத்தைத் தட்டினாள். முப்பது செகண்ட் ஷாம்பு விளம்பரம். அது முடிந்ததும் ஒரு கட்டத்தில் 7 தானாக வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தடங்கல், மறுபடி பல்பு, மறுபடி ஷாம்பு.

"இதை நீ போட்டியா, ஷாம்புக் கம்பெனி போட்டதா?" என்றேன்.

"ஸ்ட்ரீக் போயிடும் தாத்தா. நாப்பத்தோரு நாளா விடாம போடறேன்."

41 நாள் விரதம் சபரிமலைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு மாதம் இணையத்தில் கிடைக்கும் புதிர்களாக விளையாடித் தீர்த்தேன். ஏராளமாக இருக்கின்றன. பெரும்பாலும் பதர். நெல்லைப் பிரித்தெடுக்க இரண்டு கேள்விகள் போதும் என்று தோன்றுகிறது.

முதல் கேள்வி: ஊகிக்காமல், யோசித்தே முடிக்க முடியுமா?

பழைய விண்டோஸில் 'மைன்ஸ்வீப்பர்' ஞாபகம் இருக்கிறதா? 1992-ல் விண்டோஸ் 3.1-உடன் வந்து, ஆபீஸ் நேரத்தைக் கணிசமாகத் தின்ற ஆட்டம். எண்களைப் பார்த்து எங்கே குண்டு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அழகாக யோசித்துக் கடைசிவரை வந்திருப்பீர்கள். இரண்டே கட்டம் பாக்கி. ஏதோ ஒன்றில் குண்டு. எதில் என்று அரிஸ்டாட்டிலே வந்தாலும் சொல்ல முடியாது. பூவா தலையா போட வேண்டியதுதான். வெடித்தால், அது உங்கள் தப்பில்லை. அதைவிடக் கொடுமை, வெடிக்காவிட்டால் அது உங்கள் சாமர்த்தியமும் இல்லை.

இதற்கு மாற்று செய்தவர் சைமன் டாதம் என்ற ஆங்கிலேயர். நம் ஐ.டி. பிள்ளைகள் சர்வருக்குள் நுழையத் திறக்கும் 'புட்டி' என்ற மென்பொருளை எழுதியவர். (பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.) 2004-லிருந்து சுமார் 40 வகைப் புதிர்களைச் சேர்த்து இலவசமாகத் தருகிறார். விளம்பரம் இல்லை. அவருடைய 'மைன்ஸ்' ஊகமே இல்லாமல் முடிக்கக்கூடியது என்று உத்தரவாதம் உண்டு. சுடோகுவிலும் நேர்மை. ஊகித்துப் பார்த்துத் திரும்பிவர வேண்டியிருக்கும் கட்டங்களைத் தனியாகப் பிரித்து, அந்த லெவலுக்கு அவர் வைத்த ஆங்கிலப் பெயரைத் தமிழில் 'அநியாயம்' என்று சொல்லலாம்.

வழி கண்டுபிடிக்கும் 'மேஸ்' படங்கள் இந்த விஷயத்தில் எதிர்க்கோடி. கம்ப்யூட்டர் போடும் பெரும்பாலான மேஸ்களில் வலது கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் நடந்தாலே வெளியே வந்துவிடலாம். ஊகமும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். கால்வலிதான் மிச்சம்.

இரண்டாவது கேள்வி: மாட்டிக்கொண்டால் நம்மைச் சும்மா விடுகிறதா?

சுடோகுவை ஜப்பானியர் கண்டுபிடித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். 1979-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் 'நம்பர் ப்ளேஸ்' என்று வந்தது. போட்டவர் ஹவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் என்கிறார்கள். 1984-ல் அதை ஜப்பானுக்குக் கொண்டுபோன 'நிக்கோலி' பத்திரிகை, இன்று நாம் சொல்லும் பெயரை வைத்தது. 2004 நவம்பரில் லண்டன் 'டைம்ஸ்' வெளியிட ஆரம்பித்ததும் உலகமே பென்சிலைத் தேடியது. டைம்ஸுக்குக் கொடுத்தவர் ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வெய்ன் கோல்ட். கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதிக் கட்டங்களை உற்பத்தி செய்தார். கார்ன்ஸ் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1989-லேயே போய்விட்டார்.

நிக்கோலி கையால் செய்த புதிர்களையே போற்றியது. கொடுக்கப்பட்ட எண்கள் கோலம் மாதிரி சமச்சீராக அமைய வேண்டும் என்றும் விதி வைத்தது. இது வெறும் அலங்காரம் அல்ல. கையால் செய்பவருக்கு நீங்கள் எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்று தெரியும். அங்கே வேண்டுமென்றே நிறுத்துகிறார். நீங்கள் முழிக்கிறீர்கள். பத்து நிமிஷம் கழித்து, 'அட, இந்த வரிசையைப் பார்க்கவே இல்லையே!' என்கிறீர்கள். அந்த 'அட'வில் முகம் தெரியாத ஒருவர் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். புதிரின் மொத்த சந்தோஷமும் இதுதான். பல்பைத் தட்டும்போது அந்தப் பத்து நிமிஷத்தை ஷாம்புக்காரருக்கு விற்றுவிடுகிறோம்.

ஜோஷ் வார்டிலின் 'வேர்டில்' 2021 அக்டோபரில் பொதுமக்களுக்கு வந்தபோது இந்த மரியாதையைக் காட்டியது. தினம் ஒரே ஒரு வார்த்தை, ஆறு வாய்ப்பு, அப்புறம் போய் வேலையைப் பாருங்கள். அடுத்த ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' வாங்கிவிட்டது. என்னுடைய ஒரே புகார், முதல் வார்த்தை எப்படியும் குருட்டடிதான்.

இரண்டு கேள்விகளுக்கும் நூற்றுக்கு நூறு வாங்கிய புதிர் ஒன்று உண்டு. சாதாரண சுடோகுவுக்குக் குறைந்தது 17 எண்களாவது கொடுத்தால்தான் ஒரே விடை வரும் என்று 2012-ல் டப்ளின் கணித ஆசிரியர் கேரி மெக்வயர் குழு கம்ப்யூட்டரை வைத்து நிரூபித்தது. 2020 மே மாதம், ஊரடங்கில் உலகமே முடங்கிக் கிடந்தபோது, மிட்செல் லீ என்பவர் ஒரு சுடோகு போட்டார். கொடுத்தது இரண்டே எண்கள்: ஒரு 1, ஒரு 2. கூடவே மூன்று நிபந்தனைகள். செஸ் ராஜாவின் நகர்வில் எட்டும் கட்டத்தில் அதே எண் வரக்கூடாது. குதிரைக்கும் அப்படியே. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் 4, 5 போல அடுத்தடுத்த எண்கள் கூடாது. இதை 'மிராக்கிள் சுடோகு' என்கிறார்கள். யூ-ட்யூபில் சைமன் அந்தோணி, நம்பாமல் சிரித்துக்கொண்டு ஆரம்பித்து, கடைசியில் பரவசமாகிறார். ஊகம் எங்கேயும் இல்லை.

அதைப் பேப்பரில் வரைந்து பேத்தியிடம் கொடுத்தேன்.

"தாத்தா, மீதி நம்பரை எழுத மறந்துட்டீங்க."

"அவ்வளவுதான்."

"ஹின்ட்?"

"பேப்பர்ல ஏது பல்பு?"

முறைத்தாள். ராத்திரி பதினொரு மணிக்கும் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரீக் அன்றைக்கு அறுந்துபோனதை மறுநாள் டிபன் சாப்பிடும்போதுதான் கவனித்தாள். பாதி நிரப்பிய பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். வாரக் கடைசியில் போன் செய்து, "ஒரே ஒரு நம்பர் சொல்லட்டுமா?" என்றேன்.

"வாயைத் தொறக்காதீங்க தாத்தா!"

உங்களுக்கும் ஒன்று தராமல் போனால் நியாயமில்லை. மூன்று பேர். ஒவ்வொருவரும் எப்போதும் உண்மையே பேசுபவர், அல்லது எப்போதும் பொய்யே பேசுபவர். முதலாமவர், "எங்களில் சரியாக ஒருவர் பொய்யர்" என்கிறார். இரண்டாமவர், "சரியாக இரண்டு பேர்" என்கிறார். மூன்றாமவர், "மூன்று பேருமே பொய்யர்கள்" என்கிறார். யார் யார் பொய்யர்?

விடை அடுத்த வாரம் வராது. அதற்கடுத்த வாரமும் வராது.