லைரா யாழாகுமா?

கிரேக்கக் கவிதைகளைத் தமிழாக்குவோர் சிலர் ‘லைரா’ என்னும் நரம்புக் கருவியை ‘யாழ்’ என்றே எழுதிவிடுகின்றனர். இனிய சொல்தான்; ஆயினும் பொருந்தாத சொல். யாழில் நரம்புகள் பத்தரிலிருந்து எழுந்து, கோடு எனப்படும் தண்டில் கட்டுண்ணும். விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) அதன் உறுப்புகளை விரித்துரைக்கிறது. லைராவிலோ பத்தரிலிருந்து இரு கைகள் எழும். அவற்றை இணைக்கும் குறுக்குக் கோலிலேயே நரம்புகள் கட்டப்படும். இராக்கின் ‘ஊர்’ என்னும் பண்டை நகரத்துக் கல்லறைகளில் கிடைத்த, ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமையுடைய காளைத்தலைக் கருவிகள் இவ்வகையின. எகிப்தின் சூயஸ் கால்வாய்க் கரையில் இன்றும் இசைக்கப்படும் ‘சிம்சிமிய்யா’வும் இக்குடும்பத்ததே. யாழென்று பெயரிட்டால் இவ்வுறவு மறைகிறது. வழக்கொழிந்த நம் யாழின் உருவமும் வாசகர் மனத்தில் திரிந்துபோகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் ‘லைரா’ என்றே எழுதி, வடிவத்தை ஒரு வரியில் விளக்குவதே முறை.