முடிவுறாக் கதைச்சுருக்கம்: போர்க்காலக் குற்றப்படமும் மொழிபெயர்ப்பும்

1931இல் பி. என். சர்க்கார் நிறுவிய நியூ தியேட்டர்ஸ், டாலிகஞ்சுக்கு இலக்கியப் படங்களின் இருப்பிடம் என்னும் பெயரை ஈட்டித் தந்தது. சரத்சந்திரரின் 'தேவதாஸ்' (1935) அங்கு உருவானதே. இப்பெருமையின் நிழலில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து இந்தியக் குற்றப்படங்கள் திறனாய்வாளர் கண்ணில் மிகுதியும் படவில்லை. விதிவிலக்கு, ஞான் முகர்ஜி இயக்கிய பம்பாய்ப் படமான 'கிஸ்மத்' (1943). பிக்பாக்கெட் திருடனைக் கதைத்தலைவனாக்கிய அது கல்கத்தா ராக்ஸி அரங்கில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1956இல் தமிழில் 'பிரேம பாசம்' ஆயிற்று.

பிற படங்கள் பலவற்றுக்கு இந்நற்பேறு இல்லை. நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது, தானே சிதைவது. பழைய சுருள்கள் வெள்ளிக்காக உருக்கவும்பட்டன. தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல்தான் தோன்றியது. ஆகவே இத்தகைய படங்களைத் தேடுவோர் கைக்கு எட்டுவது பெரும்பாலும் அரங்கில் விற்ற பாட்டுப் புத்தகமே. அதன் கதைச்சுருக்கம் உச்சக்கட்டத்தில் நின்று, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என முடிவது மரபு. புராணப் படத்தில் இதனால் இழப்பு இல்லை. முடிவு யாவரும் அறிந்ததே. குற்றப்படத்திலோ மறைக்கப்பட்ட முடிவே படத்தின் உயிர். திரை அழிந்தபின், சேகரிப்பாளர் பெறுவது விடை காணா வழக்கு. அவர்தம் ஈடுபாட்டைப் பழம்பொருள் மோகம் என ஒதுக்குவது பொருந்தாது.

மொழிபெயர்ப்பாளரின் இடர் இங்குத் தொடங்குகிறது. வங்காளத்தில் 'கி' என்னும் வினாச்சொல் தாங்கிய ஒரு தொடரைத் தமிழாக்குங்கால் 'கொன்றவன் தம்பியா?' எனலாம், 'தம்பியோ?' எனவும் கூடும். ஆகாரம் விடையை எதிர்நோக்குவது. ஓகாரம் ஐயத்திலேயே தங்குவது. நுழைவுச்சீட்டு விற்கும் நோக்கில் எழுந்த அவ்வினாவுக்கு விடை அடுத்த காட்சியிலேயே கிடைத்தது. எனவே ஆகாரமே மூலத்துக்கு உண்மையானது. ஓகாரம் இன்றைய சேகரிப்பாளரின் குரல். அதை மூலத்தின் வாயில் வைப்பது பிழை. கிடைக்காத முடிவை ஊகித்து எழுதிச் சேர்ப்பது அதனினும் பெரும்பிழை. சுருக்கம் நின்ற இடத்திலேயே பெயர்ப்பும் நிற்றல் வேண்டும். வெள்ளித்திரைக்கு அழைக்கும் அவ்விறுதி வரியையும் விடாது பெயர்த்தல் வேண்டும்.