தகட்டு வேலையில் ஒரு நூல் பிழை

எண்ணெய் ஊற்றும் தகரப் புனலின் கூம்புப் பகுதியைப் பக்க இணைப்பில் பிரித்து விரித்தால் என்ன வடிவம் கிடைக்கும்? வட்டத்தின் ஒரு துண்டு கிடைக்கும். கூம்பின் வாய் விட்டமும் சாய்வு நீளமும் சமமானால் அத்துண்டு சரியாக அரை வட்டமாக இருக்கும். ஐயமுள்ளவர்கள் ஒரு தாளை அரை வட்டமாக வெட்டிச் சுருட்டிப் பார்க்கலாம். கடைத்தெருவில் புனலும் குவளையும் செய்து விற்ற தகர வேலைக்காரர் இதை வடிவகணிதமாகப் படித்தவர் அல்லர். ஆயினும் அவருடைய கவராயம் தவறாமல் அரை வட்டத்தையே கீறியது.

முப்பரிமாணப் பொருளைத் தட்டையான தகட்டில் இவ்வாறு வரைந்து கொள்வதற்கு விரிப்புப் படம் என்று பெயர். குழாய்க்கு இணைகோட்டு முறை, கூம்புக்கு ஆரக்கோட்டு முறை, சதுர வாயிலிருந்து வட்ட வாய்க்கு மாறும் காற்றுக் குழாய்க்கு முக்கோண முறை என்று மூன்று வழிகள் உண்டு. ஷீட் மெட்டல் தொழிலுக்கு உயிர்நாடி இதுவே. நம் நாட்டுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இத்தொழில் ஓராண்டுப் படிப்பு. அதை முடித்தவர், 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, ஒரு தொழிற்சாலையில் பழகுநராகச் சேரலாம். முதலில் வகுப்பு, பிறகு தொழிற்கூடம் என்ற இந்த ஏற்பாட்டை ஒரு நூலை மதிப்பிடுவதுபோல் மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். கத்தரி, மரச்சுத்தி, பட்டடை ஆகியவற்றைக் கையில் கொடுத்துத் தொடங்குவது மிகச் சரியான தொடக்கம். எந்திரத்தில் வேலை செய்யப் போகிறவனுக்கு இவை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தகடு எங்கே இணங்கும், எங்கே முரண்டு பிடிக்கும் என்பதைக் கைதான் முதலில் அறிகிறது. ஈயப் பற்றவைப்புப் பாடமும் சிறந்தது. தகரத் தகட்டுக்குத் துத்தநாகக் குளோரைடைத் தடவுகிறோம். துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுக்கோ நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமே போதும். ஏன் இந்த வேறுபாடு? அமிலம் தகட்டின் மேலுள்ள துத்தநாகத்தோடு வினைபுரிந்து, தேவையான துத்தநாகக் குளோரைடை அந்த இடத்திலேயே உண்டாக்கிக் கொள்கிறது. நல்ல பயிற்றுநர் இதைப் பற்றவைப்பு மேசையருகிலேயே விளக்கிவிடுவார். காரணமும் வேலையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் மாணவனுக்குக் கிடைக்கின்றன.

மடிப்பு வேலையில்தான் இது நடப்பதில்லை.

வரைபட வகுப்பில் நாம் விரிக்கும் பெட்டி தாளால் செய்த பெட்டி போன்றது. அதற்குத் தடிமன் கிடையாது. மெல்லிய தகட்டில் இதனால் பெரிய கேடில்லை. அரை மில்லிமீட்டர்த் தகட்டில் ஒரு மடிப்புக்கு வரும் பிழை ஏறத்தாழ 0.9 மி.மீ.தான். சுத்தியும் கொக்கி மடிப்பும் அதை விழுங்கிவிடும். மாணவன் நல்ல மதிப்பெண் பெற்று வெளியேறுகிறான். பழகுநராகச் சேர்ந்த இடத்தில் அவனிடம் 2 மி.மீ. எஃகுத் தகட்டைக் கொடுத்து, வெளி அளவு 50 மி.மீ., 30 மி.மீ. உள்ள ஒரு செங்கோண மடிப்புத் துண்டு கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதும் முப்பதும் எண்பது. அவன் எண்பதுக்கு வெட்டுகிறான். மடித்தபின் துண்டு ஏறத்தாழ 3.6 மி.மீ. மிகுந்து நிற்கிறது. ஒரு பெட்டியில் இத்தகைய மடிப்பு நான்கு வந்தால் பிழை 14 மி.மீ.ஐத் தாண்டும். கழிவுத் தொட்டியில் தகடு விழுகிறது; “கை சரியில்லை” என்ற பெயர் பையனுக்கு வந்துவிடுகிறது.

கையில் பிழையில்லை. தகடு மடியும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் அமுங்குகிறது, இடையே நீளாமலும் குறையாமலும் ஒரு கோடு இருக்கிறது. இதை நடுநிலைக் கோடு என்பர். வெட்ட வேண்டிய நீளம் இக்கோட்டின் நீளமே. அது தடிமனின் சரிபாதியில் இருப்பதில்லை. சற்று உட்புறமாக ஒதுங்கி, பெரும்பாலும் உள்முகத்திலிருந்து தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் அமைகிறது. நம் எடுத்துக்காட்டில் மடிப்பின் உள் ஆரம் 2 மி.மீ. எனவும், கோடு தடிமனின் 0.4 பங்கில் இருப்பதாகவும் கொள்வோம். மடிப்பு வில்லின் நீளம் 1.57-ஐ 2.8-ஆல் பெருக்கினால் வரும் 4.4 மி.மீ. மடியாத பகுதிகள் 46, 26. மூன்றையும் கூட்டினால் 76.4 மி.மீ. வெட்ட வேண்டியது இவ்வளவே.

தொழிற்கூடத்து மேஸ்திரிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். “ஒரு நூல் குறைச்சு வெட்டு தம்பி” என்பார். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, அதாவது ஏறத்தாழ 3.2 மி.மீ. இக்கணக்குக்கு அது வியக்கத்தக்க அளவு நெருக்கமானது. ஆனால் ஏன் ஒரு நூல் என்று அவர் சொல்வதில்லை. அவருக்கும் யாரும் சொன்னதில்லை. நாளைக்கு 3 மி.மீ. தகடு வந்து, உள் ஆரமும் அதே அளவானால் குறைக்க வேண்டியது 5.4 மி.மீ. அப்போது ஒரு நூல் உதவாது. பித்தளையோ அலுமினியமோ வந்தால் கோட்டின் இடமும் மாறும். மடித்த கோணம் திரும்ப விரியும் அளவும் மாறும்.

மடிப்பு அளவுக் கணக்கு பாடத்தில் இல்லை என்று நான் குறை கூறவில்லை. அது ஒரு தலைப்பாக வந்து போவதுண்டு. என் குறை அது வரும் நேரத்தைப் பற்றியது. கணக்கு சொல்லப்படும்போது மாணவன் கையில் இருப்பது மெல்லிய தகரம். அவனுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்படும்போது வகுப்பு முடிந்து ஓராண்டு ஆகியிருக்கும். பட்டயப் படிப்பு மாணவரின் நிலை நேர்மாறு. நடுநிலைக் கோட்டைப் பற்றி அவர் பக்கம் பக்கமாக எழுதுவார். தகட்டை மடித்திருக்க மாட்டார்.

இந்த இடைவெளியைச் சட்டம் இயற்றியவர்கள் அறியாதவர்கள் அல்லர். பழகுநருக்குச் செய்முறைப் பயிற்சியோடு தொழில் சார்ந்த பாடமும் நடத்த வேண்டும், அவ்வகுப்பில் கழியும் நேரம் ஊதியம் பெறும் பணி நேரத்தின் பகுதியே என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். இச்சட்டத்தின் மிக நல்ல பிரிவு என்று நான் கருதுவது இதைத்தான். ஆனால் அவ்வகுப்பு பழைய பாடத்தையே மீண்டும் ஒப்பிப்பதாக இருந்தால் பயனென்ன? ஜெர்மனியில் உலோகக் கட்டமைப்புத் தொழிலாளியின் பழகுநர் காலம் மூன்றரை ஆண்டுகள். தொழிற்கூடமும் தொழிற்பள்ளியும் அக்காலம் முழுதும் மாறி மாறி வருகின்றன. பல இடங்களில் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் பள்ளி. திங்களன்று கெட்ட தகடு வியாழனன்று வகுப்பில் வினாவாகிறது. சென்னை கிண்டியில் தொழிற்பயிற்சிப் பாடநூல்களை உருவாக்கும் மைய நிறுவனம் 1986-இல் ஜெர்மன் ஒத்துழைப்புடன்தான் அமைந்தது. நூல்களை ஆக்கும் முறைக்கு உதவி பெற்றோம். கால அட்டவணையை விட்டுவிட்டோம்.

இப்போது கணினியே விரிப்புப் படத்தைப் போட்டுவிடுகிறதே, லேசர் வெட்டிவிடுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நடுநிலைக் கோடு எங்கே இருக்கிறது என்ற எண்ணை யாரேனும் கணினிக்குக் கொடுத்தாக வேண்டும். பட்டியலில் உள்ள எண், அந்தக் கூடத்து அச்சுக்கும் அந்தத் தகட்டுக்கும் பொருந்தும் என்ற உறுதி இல்லை. தவறான எண்ணைக் கொடுத்தால் லேசர் நூறு துண்டுகளையும் ஒரே தவறோடு வெட்டித் தரும்.

எண்ணைக் கண்டறியும் வழி எளியது. கழிவுத் தகட்டில் 100 மி.மீ. நீளப் பட்டை ஒன்றைத் துல்லியமாக வெட்டிச் செங்கோணமாக மடித்து, இரு கைகளின் வெளி அளவையும் வெர்னியரால் அளந்து கூட்ட வேண்டும். 103.6 வந்தால் அந்தத் தகட்டுக்கு, அந்த அச்சில், மடிப்புக்குக் குறைக்க வேண்டியது 3.6 மி.மீ. பழகுநருக்கான முதல் வகுப்பு இந்தப் பட்டையோடு தொடங்கட்டும். தேர்விலும் இதற்கு இடம் வேண்டும். இன்று கருத்தியல் தேர்வு கணினியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நடக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுவிடலாம். மடித்த பட்டையை மேசைமேல் வைத்து, வெட்டிய நீளம் எவ்வளவு என்று கேட்டால் மாணவன் அதைக் கையில் எடுத்து அளந்தாக வேண்டும்.