கருவியா? கருத்தாவா?

தெம்பனிஸில் என்னிடம் முன்பு தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி வலையமைப்பு பற்றிப் படிக்கிறார். அண்மையில் ஒரு மாலை என்னைக் காண வந்தவர், தம் பாடத்தைப் பாட்டிக்குத் தமிழில் விளக்க முயன்று தோற்றதாகச் சொன்னார். கணினி மொழிபெயர்ப்பில் தேடியபோது அவருக்குக் கிடைத்த தொடர், 'மென்பொருளால் வரையறுக்கப்பட்ட வலையமைப்பு' என்பது. "'ஏனப்பா, வேலி போட்டு அடைத்திருக்கிறார்களா?' என்று பாட்டி கேட்கிறார், ஐயா" என்றார்.

பாட்டியின் வினா நகைத்து ஒதுக்கத் தக்கதன்று. நல்ல தமிழறிந்த ஒருவர் அத்தொடரைக் கேட்டு அவ்வாறு பொருள் கொண்டாரெனின், குறை கேட்டவரிடம் இல்லை, சொல்லில் உளது. அக்குறை யாது, அதனைக் களையும் வழி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பொருளை அறிந்துகொள்வோம். ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செல்லும் செய்தி நேரே சென்றுவிடுவதில்லை. ரூட்டர் என்று நம் வீட்டில் வைத்திருக்கிறோமே, அதனை ஒத்த பெட்டிகள் பலவற்றைக் கடந்து செல்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வேலைகள் உண்டு. வந்த செய்தி எவ்வழியே போக வேண்டும் என்று முடிவு செய்வது ஒன்று. முடிவு செய்த வழியே அதனை அனுப்பி வைப்பது மற்றொன்று. பழைய முறையில் இவ்விரண்டையும் ஒவ்வொரு பெட்டியும் தானே செய்தது. நூறு பெட்டிகளில் ஒரு விதியை மாற்ற வேண்டுமாயின், பொறியாளர் நூறு பெட்டிகளையும் தனித்தனியே திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பிழை நேரும்.

புதிய முறை இவ்விரண்டு வேலைகளையும் பிரித்துவிடுகிறது. முடிவு செய்யும் வேலை, வலையமைப்பு முழுவதையும் ஒருங்கே காணும் ஒரு மென்பொருளிடம் ஒப்படைக்கப்படுகிறது. பெட்டிகள் அது சொன்னபடி அனுப்பி வைக்கும் வேலையை மட்டும் செய்கின்றன. 2008ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ஓப்பன்ஃப்ளோ' என்னும் முறை இதற்கு வழிகாட்டியாய் அமைந்தது. ஆனால் இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை ஆய்வாளர் சூட்டவில்லை. 2009இல் அவ்வாய்வைப் பற்றி எழுதிய ஏடொன்று சூட்டிற்று. ஏட்டின் தலைப்புக்காகப் பிறந்த சொல்லைத்தான் நாம் எழுத்துக்கு எழுத்து பெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இது எங்கோ அமெரிக்காவில் நடப்பது, நமக்கு என்ன என்று இருக்க இயலாது. சிங்கப்பூர் அரசு 1981இல் தேசியக் கணினி வாரியத்தை நிறுவி, அமைச்சுகளின் பணிகளைக் கணினிமயமாக்கத் தொடங்கியது. 2018இல், மறைவாக வைத்தற்குரிய செய்திகள் அதிகம் இல்லாத அரசு கணினி முறைகளை வணிக நிறுவனங்களின் மேகக்கணினிகளுக்கு ஐந்தாண்டுகளில் மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மேகக்கணினியில் ஓர் அலுவலகம் தனக்கென வலையமைப்பு ஒன்றை ஆக்கிக்கொள்ளும்போது, எவரும் கம்பி இழுப்பதில்லை, பெட்டி பூட்டுவதில்லை. சில வரி நிரல் எழுதுகின்றனர், வலையமைப்பு உண்டாகிறது. நாம் பேசும் புதிய முறை அங்கே அடித்தளமாகவே அமைந்துள்ளது.

எம் வட்டாரத்திலேயே இதன் பயனைக் காணலாம். 2017 ஆகஸ்டில் முறைப்படி திறக்கப்பட்ட 'நமது தெம்பனிஸ் நடுவ'த்தில் பொதுச் சேவை நிலையம் ஒன்று உள்ளது. பல அரசு அமைப்புகளின் சேவைகள் அங்கே ஓரிடத்தில் கிடைக்கின்றன. முன்பு பல அலுவலகங்களுக்கு அலைந்த முதியவர் இன்று ஓரிடத்தில் அமர்ந்து வேலையை முடிக்கிறார். இத்தகைய முகப்புகளுக்குப் பின்னால், எந்தச் செய்தி எங்கே செல்லலாம், எது செல்லலாகாது என்னும் விதிகள் ஓயாது இயங்குகின்றன. அவ்விதிகளை விரைவாகவும் ஒரே சீராகவும் மாற்றுவதற்குத்தான் அரசுகள் புதிய முறையை நாடுகின்றன.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'வரையறுத்தல்' என்பதற்கு எல்லை கட்டுதல் என்பது முதற்பொருள். இலங்கையில் நிறுவனப் பெயர்ப் பலகைகளில் 'வரையறுக்கப்பட்ட' என்று எழுதியிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அங்கே அது 'லிமிடெட்' என்பதன் பெயர்ப்பு. ஆங்கிலச் சொல்லுக்கும் இலத்தீன் வேரில் எல்லை என்னும் பொருள் உண்டுதான். ஆயினும் இன்றைய ஆங்கில வழக்கில் அப்பொருள் மங்கிவிட்டது, தமிழில் மங்கவில்லை.

நம் நாட்டில் இக்குழப்பம் இன்னும் பெரிதாகும். 2016இல் அறிவிக்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, அரசு அலுவலரின் பணிக்கணினிகளிலிருந்து இணைய உலாவல் பிரித்து வைக்கப்பட்டது. 'வரையறுக்கப்பட்ட வலையமைப்பு' என்னும் பெயருக்கு உண்மையில் உரியது அந்த ஏற்பாடே. அது வேலி, இது வேலியன்று, ஆளும் முறை. இரண்டுக்கும் ஒரு பெயர் பொருந்துமாறு சொல் அமைப்பது பிழையன்றோ?

இதனினும் பெரிய குறை 'மென்பொருளால்' என்பதிலுள்ள 'ஆல்' உருபில் இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப்பொருளும் உண்டு, கருத்தாப்பொருளும் உண்டு என்பதை நாம் நாள்தோறும் கற்பிக்கிறோம். 'எழுதுகோலால் எழுதினான்' என்பதில் எழுதுகோல் கருவி. 'புலவரால் எழுதப்பட்டது' என்பதில் புலவர் கருத்தா. செயப்பாட்டு வினையோடு 'ஆல்' சேர்ந்து வந்து, செய்தவர் வேறெவரும் சொல்லப்படாவிடின், கேட்போர் மனம் அதனைக் கருத்தாவாகவே கொள்ளும். 'மென்பொருளால் வரையறுக்கப்பட்ட' என்றதும், மென்பொருளே எல்லாவற்றையும் செய்கிறது, மனிதர் எவரும் அதில் இல்லை என்ற எண்ணம் உண்டாகிறது. கருவி கருத்தாவின் இருக்கையில் ஏறி அமர்ந்துவிடுகிறது.

இஃது இலக்கணப் பூசல் மட்டுமன்று. 2019 ஜூன் 2ஆம் நாள் கூகுள் நிறுவனத்தில் நடந்ததை நோக்குக. பராமரிப்புப் பணி ஒன்றின்போது, முன்னரே தவறாக அமைக்கப்பட்டிருந்த தானியங்கி மென்பொருள், வலையமைப்பை ஆளும் நிரல்களைப் பல இடங்களில் ஒருசேர நிறுத்திவிட்டது. பெட்டிகள் சில நிமிடங்கள் பழைய விதிப்படியே வேலை செய்தன. பிறகு நெரிசல் ஏற்பட்டது. யூடியூப், ஜிமெயில் முதலிய சேவைகள் நான்கு மணி நேரத்திற்கும் மேலாகத் தடுமாறின. பழைய முறையில் ஒரு பெட்டியின் பிழை பெரும்பாலும் அவ்விடத்தோடு நிற்கும். ஓரிடத்திலிருந்து ஆளும் முறையில் அவ்விடத்துப் பிழை எங்கும் பரவும். அதனை அமைத்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்னும் வினா முன்னிலும் இன்றியமையாததாகிறது.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் காட்டுவேன். 2018இல் சிங்ஹெல்த் கணினிகளில் ஊடுருவியோர் 15 இலட்சம் நோயாளிகளின் தனிவிவரங்களைக் கவர்ந்தனர். அது நாம் ஆராயும் முறையால் நேர்ந்ததன்று. ஆயினும் ஒரு பாடம் தருகிறது. விசாரணைக் குழு கருவியின் குறையோடு நின்றுவிடவில்லை. ஊழியர் உரிய காலத்தில் செயற்படத் தவறியதையும் சுட்டியது. 2019 ஜனவரியில் அதன் தொடர்பாக இரு நிறுவனங்களுக்கு மொத்தம் 10 இலட்சம் வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டது. சட்டம் கருவியைத் தண்டிக்கவில்லை. கருத்தாவைத் தேடிக் கண்டது. சட்டம் தேடும் கருத்தாவைச் சொல் மறைக்கலாமா?

குறை கூறுவோன் மாற்றும் கூற வேண்டும். அம்மாற்று நம் இலக்கணத்திலேயே ஆயத்தமாக இருக்கிறது. கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என நம்முன்னோர் இரண்டாக வகுத்தனர். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் நாராயண பிள்ளையால் எழுப்பப்பட்டது என்கிறோம். தச்சர்களால் எழுப்பப்பட்டது என்றும் கூறலாம். முன்னவர் ஏவினார், பின்னவர் இயற்றினர். புதிய வலையமைப்பு செய்வதும் இப்பிரிவினையே அன்றோ! முடிவு செய்யும் பகுதியை ஏவற்பகுதி என்றும், அனுப்பி வைக்கும் பகுதியை இயற்றற்பகுதி என்றும் வழங்கினால் எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கும். இப்போது சிலர் பின்னதைத் 'தரவுத் தளம்' என்கின்றனர். 'தரவுத்தளம்' என்பது செய்திகளைத் தொகுத்து வைக்கும் களஞ்சியத்திற்கு முன்னரே நிலைத்துவிட்ட பெயர். ஓர் இடைவெளியை நம்பி இரு பொருள்களை வேறுபடுத்த முடியுமா?

முழுப்பெயரை 'மென்பொருள்வழி ஏவும் வலையமைப்பு' என்னலாம். 'வழி' என்றதால் மென்பொருள் கருவியாகவே நிற்கிறது. ஏவுவோர் யார் என்னும் வினாவும் கேட்போர் உள்ளத்தில் தானே எழுகிறது. அவ்வினாவை எழுப்புவதே இப்பெயரின் சிறப்பு.

'ஏவல்' என்றால் பில்லி சூனியம் நினைவுக்கு வருமே என்று நண்பர் ஒருவர் நகைத்தார். ஏவல் வினை என்று வகுப்பறையில் எத்தனை முறை சொல்கிறோம். எந்த மாணவன் அஞ்சினான்? சொல்லுக்குப் பொருள் தருவது இடமே. தமிழகத்தில் வலையமைப்பைக் குறிக்கும் 'பிணைய'மும் நீதிமன்றத்தில் வேறு பொருள் தருவதே. பெயரில் என்ன இருக்கிறது, ஆங்கிலத்தையே தமிழெழுத்தில் எழுதிவிடலாம் என்பாரும் உளர். பொறியாளர் தமக்குள் அவ்வாறு பேசிக்கொள்வதில் தடையில்லை. ஆனால் அரசின் செயலைக் குடிமக்களுக்கு விளக்கும் இடத்தில் ஒலி மட்டும் போதாது. பொருளும் புலப்பட வேண்டும்.

இந்நாட்டுத் தமிழர்க்கு இப்பணி புதிதன்று. 1995இல் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழும் உடன் ஏற உழைத்தவர், நம் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 'இணையம்' என்னும் சொல்லை அவர் பெயரோடு சேர்த்தே பலரும் நினைவுகூர்வர். அச்சொல் ஆங்கிலத்தின் நிழலன்று. 'இணை' என்னும் நம் வினையடியிலிருந்து பிறந்தது. பொருள் செய்யும் தொழிலைக் கண்டு வைத்த பெயராதலின் அது நிலைத்தது.

என் மாணவர் மறுவாரம் மீண்டும் வந்தார். புதிய பெயரைப் பாட்டியிடம் சொல்லிப் பார்த்தாராம். பாட்டி சற்று எண்ணிவிட்டு, "சரி, ஏவுவது யார்?" என்று கேட்டாராம். அதற்கு விடை தேடுவது அம்மாணவரின் படிப்பு. அவ்வினா எழுமாறு சொல் அமைத்துத் தருவது தமிழாசிரியராகிய நம் கடமை.